வாப்பா கொடுத்த வாளி

போர்ட் பிளேர்
20.6.1971

அன்புள்ள நசீரா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். நீயும் மச்சானும் மாமியும் சுகம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் உம்மாவுக்குச் சோறு இறங்கும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மின்னி பேயில் கடலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பெயர் கடலாய்வு நிலையம். டாக்டர் சிவஞானம், நான், படகோட்டி ஹரிபதா, இவ்வளவுதான் மொத்த நிலையமும். முதல் நாள் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் தலையைத்தான் ஆட்டினேன். "வாயத் திறந்து பேசும்மா, இங்க மீனுக்குத்தான் பேச வராது" என்றார். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

வேலை கடல் முள்ளெலியோடு. நீ சின்னதில் பாறையில் மிதித்துவிட்டு அழுதாயே, அந்தக் கறுப்பு முள் உருண்டைக்கு இது உறவு. முள் மட்டும் குட்டை. அதன் முட்டை எப்படிக் குஞ்சாகிறது என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஹரிபதா கூடை நிறையப் பிடித்து வந்து வைத்துவிட்டு, "தீதி, காயேகா நை, காலி தேகேகா?" என்று கேட்டார். தின்னப் போவதில்லை, வெறுமனே பார்க்கத்தான் போகிறோம் என்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை.

வாப்பா கடைக்குப் புதிதாக வந்திறங்கிய தகர வாளிகளில் ஒன்றைத் தூக்கி வந்து, "பட்டம் வாங்குன புள்ள வெறுங்கையோட வேலைக்குப் போவக் கூடாது" என்று கொடுத்தார். கண்ணாடி போலப் பளபளக்கிறது. அதில்தான் கடல் தண்ணீர் எடுக்கிறேன். உம்மா மழைத் தண்ணீரைத் தெளியவைப்பாளே, அதுபோல இரவு முழுக்க வாளியில் வைத்திருந்து, காலையில் மேல் தண்ணீரை மட்டும் கண்ணாடிக் குவளைகளில் மொண்டு வைக்கிறேன். டாக்டருக்குச் சுத்தம் பிடிக்கும்.

பதிலைக் கடைக்கே எழுது. வாப்பா கல்லாவில் நின்று உரக்கப் படித்தால்தான் அவருக்குக் கடிதம் வந்த மாதிரி.

என்றும் உன் நினைவோடு,
சபீஹா


கீழக்கரை
14.7.1971

பிரியமுள்ள சபீஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். மச்சான் ராமநாதபுரம் கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறார். வெயில் தாங்கவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. (வாப்பா, இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். போன கடிதத்தைப் பக்கத்து ஜவுளிக் கடைக்காரரும் கேட்டுவிட்டு, என் இருமல் தேவலையா என்று அவர் சம்சாரம் மூலம் விசாரித்தாராம்.)

உன் வேலையைப் பற்றி மாமியிடம் சொன்னேன். "அம்புட்டுத் தூரம் படிக்க வச்சது முள்ளு எண்ணுறதுக்கா?" என்றார்கள். ஆனால் மறுநாள் அவர்களே பக்கத்து வீட்டில், எங்க மருமகள் தங்கச்சி கவர்மெண்டு டாக்டரோட சேர்ந்து கடலை ஆராயுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு முட்டை எப்படி அத்தனை முள்ளோடு ஓர் உயிராகிறது? எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. நிதானமாக எழுது. நான் எங்கும் போகப் போவதில்லை.

உம்மாவுக்கு என் முத்தம். வாப்பாவுக்கு சலாம்.

உன் லாத்தா


போர்ட் பிளேர்
8.8.1971

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். மழை நிற்காமல் பெய்கிறது. கடையில் அரிசி மூட்டைக்கு அடியில் பலகை போட்டிருக்கிறோம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். பெண் முள்ளெலியைக் குவளைமேல் கவிழ்த்து வைத்தால், மஞ்சள் நூல்போல முட்டைகள் இறங்கும். ஆணின் பால் ஒரு சொட்டு பட்டதும் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் மெல்லிய கண்ணாடிச் சவ்வு எழும்பும். நாம் கண் கொட்டுவதற்குள் கதவு சாத்திவிடுகிற மாதிரி. பிறகு ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மறுநாள் காலை பார்த்தால் நடுவில் ஒன்றுமில்லாத உருண்டை. உடம்பெல்லாம் மென்மையான மயிரிழை. சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சுழன்று சுழன்று நீந்துகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் பார்க்காத மாதிரி ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. இந்த உருண்டை வரைக்கும் குஞ்சு சொந்தமாக எதையும் யோசிப்பதில்லையாம். தாய், முட்டைக்குள் எழுதி வைத்துவிட்டுப் போன உத்தரவுகள் இருக்கின்றன. எப்போது பிளக்க வேண்டும், எப்போது நீந்த வேண்டும் என்று. அதைத்தான் அது படித்து நடக்கிறது. அதன்பிறகுதான் அதனுடைய ஜீன்கள் வாய் திறக்கின்றன. அங்கிருந்து அது தன் சொல்லில் நடக்க வேண்டும்.

அடுத்து அது உள்ளே மடிந்து குடல் போட வேண்டும். அதை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்ததும் எழுதுகிறேன்.

உன்
சபீஹா


கீழக்கரை
30.8.1971

சபீஹாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். ஏன் என்று படித்தால் புரியும். வீட்டில் காட்டாதே.

எனக்கு விசேஷம். மூன்றாவது மாதம் நடக்கிறது. மச்சானுக்கும் மாமிக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். முன்பு மூன்று முறையும் உம்மாவுக்குச் சந்தோஷமாக எழுதிவிட்டு, பிறகு இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது கடிதத்தை இனி என்னால் எழுத முடியாது. நாலாவது மாதம் தாண்டி, ஐந்தாவதும் தாண்டட்டும். பிறகு கடைக்கே எழுதுகிறேன். வாப்பா பஜார் முழுக்கப் படிக்கட்டும்.

மாமி என்னைக் குடம் தொட விடுவதில்லை. "நீ கட்டில்ல உக்காந்து காத்தைக் குடி, போதும்" என்கிறார்கள். காற்றைக் குடித்துக்கொண்டு உன் கடிதத்தைத்தான் படிக்கிறேன். சுழன்று நீந்துகிறது என்று எழுதினாயே, அந்த வரிக்கு வரும்போது வயிற்றில் கை வைத்துக்கொள்கிறேன். பைத்தியக்காரி என்று நினைக்காதே.

அவை எப்படி வளர்கின்றன என்று ஒவ்வொரு கப்பலிலும் எழுது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நசீரா


போர்ட் பிளேர்
24.9.1971

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று துஆ செய்தேன். ஹரிபதா, என்னாச்சு தீதி, டாக்டர் திட்டினாரா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. உம்மா மட்டும், நசீராவுக்கு ஏதும் விசேஷமா, கனவு கண்டேனே என்றாள். கனவுதானே உம்மா என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டேன். எனக்கு அரிசி புடைக்கத் தெரியாது. அதை அவள் கவனித்திருப்பாள்.

இங்கே மழை குறைந்திருக்கிறது. போன வாரம் டாக்டரோடு பாராடாங் தீவுக்குப் போய் வந்தோம். ஓடையில் படகு போகும்போது இரண்டு பக்கமும் காடு தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது. குடியேறிய வங்காளிக் குடும்பம் ஒன்று எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது. கப்பல் தாமதம் என்பதால் பஜாரில் வெங்காயம் இல்லை. உம்மா மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். உனக்கும் ஒரு ஜாடி அனுப்பச் சொல்கிறாள். நீ இதமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. மாமி சொல்கிறபடி கேள்.

உன் தங்கை
சபீஹா


கீழக்கரை
5.10.1971

சபீஹாவுக்கு,

ஸலாம். நான் சுகம். மாமி சுகம். மச்சான் சுகம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காடு எழுதினாய், இளநீர் எழுதினாய், பஜாரில் வெங்காயம் இல்லை என்பதைக்கூட எழுதினாய். நான் கேட்ட ஒன்றைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீ ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோதும் இப்படித்தான், வாத்தியார் புதுச் சட்டை போட்டு வந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய்.

உன் உருண்டைகள் நின்றுவிட்டன, இல்லையா?

சொல்லிவிடு. நீ மறைத்தால் நான் அதைவிட மோசமாக நினைத்துக்கொள்வேன். எனக்கு நாலாம் மாதம் பிறந்திருக்கிறது. போன தடவைகளில் கால் இடறிய இடம் இதுதான். பயம் இல்லை என்று எழுதினால் நானும் உன்னைப் போலாகிவிடுவேன்.

நசீரா


போர்ட் பிளேர்
18.10.1971

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆமாம், நின்றுவிட்டன. எல்லாமே.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான். முட்டை நன்றாகப் பிளக்கிறது, உருண்டையாகிறது, நீந்துகிறது. அடுத்த நாளும் உருண்டை. அதற்கு அடுத்த நாளும் உருண்டை. மயிரிழை மட்டும் நீளமாகிக்கொண்டே போகிறது. உள்ளே மடிவதில்லை, குடல் இல்லை, வாய் இல்லை. சுழன்று சுழன்று, பிறகு அடியில் படிந்துவிடுகின்றன.

டாக்டர் சொல்வதை எழுதுகிறேன். உருண்டையின் அடிப்பக்கம் சில சின்னச் செல்கள் இருக்கின்றன. அவை பக்கத்திலிருக்கும் செல்களுக்கு ஒரு தகவல் கொடுக்க வேண்டும்: நீ உள்ளே போ, நீ குடலாகு என்று. பக்கத்துச் செல் அதைக் கேட்டுத் தன் ஜீன்களில் வேண்டியதைத் திறக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று சொல்வதில்லை, அல்லது மற்றது கேட்பதில்லை. எது என்று தெரியவில்லை. தாய் எழுதிக் கொடுத்தது வரை வந்துவிட்டு, தன் பேச்சைத் தொடங்க முடியாமல் நிற்கின்றன. முள்ளெலிகளை வேறு பாறையிலிருந்து பிடித்துப் பார்த்தோம். அதேதான். தாய்களில் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். டாக்டர், தாயைக் கடைசியாகச் சந்தேகப்படு என்றார்.

வருஷக் கடைசிக்குள் குஞ்சு வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அதைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. என் கவலை நீ. லாத்தா, நீ முள்ளெலி இல்லை. அதற்கும் உனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் படித்த படிப்பின்மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீ வயிற்றில் கை வைத்துக்கொண்டு படிப்பாய் என்று தெரிந்ததுதான்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

சபீஹா


போர்ட் பிளேர்
10.11.1971

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கப்பல் வந்தது. உன் கடிதம் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாதோ என்று நோன்பு திறக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. ஆனாலும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நோன்பு தொடங்கிய அன்று வாப்பா, பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் பெரிய ஏனம் வேண்டும், கடைப் பையன்களுக்கும் சேர்த்து வாங்க வேண்டும் என்றார். நம் வீட்டுப் பெரிய தூக்கு ஓட்டை. "சபீஹா வாளி நல்ல வாளி, அதைக் கொண்டாரச் சொல்லு" என்று உம்மா உத்தரவு போட்டாள். நான் வாளியைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப் பதில் அவளிடமிருந்து காலி ஊறுகாய் ஜாடி இரண்டை வாங்கிப் போனேன். நாள் முழுக்க ஊறவைத்தும் மாங்காய் வாசனை போகவில்லை. டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு முள்ளெலிக்குப் பழைய சோறும் உண்டா?" என்றார்.

அந்த ஜாடித் தண்ணீரில் இருந்தவை உள்ளே மடிந்தன, லாத்தா.

காலையில் பார்த்தேன். உருண்டையின் அடியில் ஒரு குழி. விரலால் அமுக்கிய மாவு மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஆழமாகிக் குழலாகி மேலே ஏறியது. நான் பூதக்கண்ணாடியை விட்டு நகராததால் டாக்டர் வந்து பார்த்தார். பிறகு அவரும் நகரவில்லை.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாறியது ஒன்றே ஒன்று, வாளி. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டாக்டர் இதுவரை குவளைகளைத்தான் பார்த்திருந்தார், வாளியைப் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. கடல் தண்ணீர் இரவெல்லாம் நின்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. துத்தநாகம் பட்ட செல்கள் பக்கத்துச் செல் சொல்வதைக் கேட்பதில்லையாம். வெளிநாட்டில் அதை வேண்டுமென்றே போட்டுப் பார்த்திருக்கிறார்களாம். "இதை எதுக்கும்மா ராத்திரி பூரா வச்சே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் தண்ணீரைத் தெளியவைத்துத்தான் புழங்குவோம் என்றேன். அவர் திட்டவில்லை.

தாய்களில் கோளாறு இல்லை. முட்டையில் கோளாறு இல்லை. நான் சுத்தம் என்று நினைத்துச் செய்ததுதான் கோளாறு. வாளியில் கஞ்சி வாங்க வேண்டாம் என்று, ஓட்டைத் தூக்குக்கு ஈயம் பற்றவைத்து உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வாப்பாவிடம் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

சபீஹா


கீழக்கரை
28.11.1971

சபீஹா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து சரிந்திருக்கும். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதம் வந்த வாரத்தில் நான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அது உன் கடிதத்தால் இல்லை, கடிதம் வந்தது நான் போன பிறகு. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

குழந்தை இருக்கிறது. அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமி எனக்குத் தலை வாரி விடுகிறார்கள், சோறு பிசைந்து வாயில் கொடுக்கிறார்கள். பெருநாள் அன்றுகூட எழுந்திருக்க விடவில்லை. மூன்று முறை போனதற்கும் அந்தம்மா ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. நான்தான் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் தாயைக் கடைசியாகச் சந்தேகப்படு என்ற வரியை மச்சானைவிட்டு மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். உன் டாக்டருக்கு என் சலாம்.

ஒன்று கேட்க வேண்டும். வாளித் தண்ணீரில் நின்றுபோனவை இருக்கின்றனவே, அவற்றை ஜாடித் தண்ணீருக்கு மாற்றினால் என்ன ஆகும்? பார்த்து எழுது. நான் முள்ளெலி இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பார்.

நசீரா


போர்ட் பிளேர்
3.1.1972

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ படுத்துக்கொண்டு எழுதிய கடிதம் யுத்தம் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. டிசம்பரில் இங்கே கப்பல் எல்லாம் கடற்படைக் கப்பல்தான். ஊரில் விளக்கேற்றக் கூடாது என்று உத்தரவு. வாப்பா ஜன்னலுக்குச் சாக்குத் தைத்து மாட்டினார். குண்டு விழுமா என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது எனக்கு உன்னைப் பற்றிய பயம் ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்ல முடியாததால் நான் ரொம்பத் தைரியசாலி என்று பஜாரில் பெயர் கிடைத்திருக்கிறது.

கடிதத்தைப் படித்த அன்றே டாக்டரிடம் கேட்டேன், யார் கேட்டது என்று சொல்லாமல். நல்ல கேள்வி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்றே வாளியில் தண்ணீர் வைத்தோம். அதில் உருண்டைகளை நிற்கவிட்டோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்கு மாற்றினோம்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சில அப்படியே நின்றுவிட்டன. ரொம்பத் தாமதமாக மாற்றியவை ஒன்றும் மீளவில்லை. ஆனால் சீக்கிரம் மாற்றியவற்றில் பல, ஒரு நாள் போல ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மெதுவாக உள்ளே மடிந்தன. சிலதில் குடல் கொஞ்சம் கோணல். இருந்தாலும் குடல்தான். பக்கத்துச் செல் சொன்னது அதற்குக் கேட்டுவிட்டது. டாக்டர் இதைக் கட்டுரையாக எழுதப் போகிறார். ஆராய்ச்சியையும் மூடவில்லை.

இன்னொன்றை எழுதாமல் விட்டால் இனி எப்போதும் எழுத மாட்டேன். நேரில் எனக்குச் சொல்ல வராது.

உன் முதல் குழந்தை தங்காமல் போன அந்த வருஷம், எனக்குத் துணைக்குத் தங்கச்சி வேண்டும் என்று நீ வாப்பாவுக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தை அவர் மட்டும் உரக்கப் படிக்கவில்லை. பெண்பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று இருந்தவர், மறு பேச்சில்லாமல் டிக்கெட் எடுத்தார். நான் உனக்குத் துணையாக வந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, என்னை மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு, நீ மச்சானோடு பஸ் ஏறிவிட்டாய். ஜன்னல் வழியாக நீ கை காட்டியது எனக்கு இப்போதும் தெரிகிறது. அழுவதற்காக நீ கேட்ட துணையை எனக்குப் படிப்பாகக் கொடுத்துவிட்டு, அழுகையை நீ தனியாக அழுதாய். அது எனக்கு அன்று புரியவில்லை. இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, தாய் எழுதி வைத்ததைப் படித்துக் குஞ்சு இவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்கும்போதுதான் புரிகிறது. எனக்குள் அப்படி யாராவது எழுதி வைத்திருந்தால் அதில் உன் கையெழுத்துத்தான் அதிகம்.

அல்லாஹ் உனக்கு நல்லதைச் செய்வான். நீ படுத்தே இரு.

உன்
சபீஹா


போர்ட் பிளேர்
10.3.1972

லாத்தாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம். கப்பல்கள் வந்து போகின்றன, உன் எழுத்து இல்லை. வாப்பா தபால்காரரைப் பார்த்துக் கோபப்படத் தொடங்கிவிட்டார். உம்மா தினமும் உன் பெயரைச் சொல்லி யாசீன் ஓதுகிறாள், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ எழுத வேண்டாம். நலமாக இருந்தால் போதும்.

சபீஹா


கீழக்கரை
20.4.1972

மதிப்புக்குரிய வாப்பா, உம்மா, பிரியமுள்ள தங்கை சபீஹா மூவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வாப்பா, இதை நீங்கள் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் படிக்கலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ருகையா என்று பெயர் வைத்திருக்கிறோம். இத்தனை மாதம் உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். உம்மா, நீ கண்ட கனவு சரிதான். சபீஹாவைத் திட்டாதீர்கள், அவள் வாயை நான்தான் கட்டினேன். கட்டுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

கடைசி மாதங்களில் பேனா பிடிக்கப் பயந்துவிட்டேன். எழுதினால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு மூடத்தனம். சபீஹா, உன் கடிதம் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. அதற்குப் பதில் எழுதும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

குழந்தை தொடக்கத்தில் ரொம்பச் சின்னதாக இருந்தாள். இப்போது தேறிவிட்டாள். சபீஹா, உன் டாக்டரிடம் ஒன்று சொல். இவளுக்குக் குடல் நன்றாகப் போட்டிருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் அதை நிரூபித்துக்கொண்டிருக்கிறாள். மாமி கேட்கிறார்கள், "இது புள்ளைக்கி வயிறா, இல்ல கம்மாயா?" என்று.

வாப்பாவின் வாளிக்கும் என் சலாம். அது எனக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தது என்று சபீஹாவுக்குத் தெரியும்.

உங்கள் மகள்
நசீரா


போர்ட் பிளேர்
12.5.1972

அன்புள்ள லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ருகையாவுக்கும் உனக்கும் எங்கள் எல்லோருடைய துஆவும். நாங்கள் சுகம் என்று இந்த முறை எழுதுவது வழக்கத்துக்காக இல்லை.

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். வாப்பா கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று படிக்கத் தொடங்கினார். உரக்கப் படிக்கலாம் என்ற இடம் வரை நல்ல சத்தம். ஜவுளிக் கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். அடுத்த வரியில் வாப்பாவின் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீ படிம்மா. நீதானே படிச்ச புள்ள" என்றார்.

நான் படித்தேன், லாத்தா. கடை நிறைய ஆட்கள், தெலுங்கர், மலையாளி, வங்காளி. எல்லோர் முன்னாலும், சத்தமாக. குடல் என்ற இடத்தில்கூட நிறுத்தவில்லை. ஹரிபதா சாமான் வாங்க வந்திருந்தார். "தீதி போல்தா ஹை!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆமாம், நான் பேசத்தான் செய்தேன்.

உம்மாவுக்குச் சொல்லப் போனால், அவள் ஏற்கெனவே குட்டிச் சட்டைகள் தைத்து முடித்து மடித்து வைத்திருந்தாள்.

வாளிக்குச் சலாம் சொன்னாயே, அதில்தான் வாப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. "எங் கடை வாளியிலதான் எம் மவ ஆராய்ச்சி பண்ணுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அது பொய்யில்லை. டாக்டரின் கட்டுரையில் அந்தத் தண்ணீர்தான் பாதி. என் பெயரும் அதில் வருகிறது. ஒரு நாள் வாப்பா கொட்டகைக்கு வந்து பார்த்தார். டாக்டர் வாளியைக் காட்டி, இது இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

அடுத்த கப்பலில் உம்மா அங்கே வருகிறாள். குட்டிச் சட்டைகளும், நீ கேட்காத ஊறுகாயும் வருகின்றன. கூடவே, பேத்தியைக் குளிப்பாட்ட வாப்பா ஒரு புது வாளி கட்டி வைத்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது. இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தாராம்.

வாங்கிக்கொள், லாத்தா. அதில் ருகையாவைக் குளிப்பாட்டு, ஒன்றும் ஆகாது. கடல் தண்ணீரை மட்டும் ராத்திரியெல்லாம் அதில் தெளியவைக்காதே.

என்றும் நன்றியோடு,
உன் தங்கை
சபீஹா